ஒப்பந்தத்தை நிறுத்தினால் எவ்வளவு? அதை முதல் நாளே எழுதித் தாருங்கள்

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில் இருபது வருடங்களுக்கு மேலாகப் போட்டோகொப்பிக் கடை நடத்துகிறேன். ரியூஷன் நோட்ஸ், கம்பஸ் பிள்ளைகளின் ஆய்வேடு பைண்டிங், விசாவுக்குப் போகிறவர்களின் பத்திரங்கள், 31ஆம் நாள் நினைவு மலர் என்று எல்லாம் செய்கிற சின்னக் கடை. வங்கிக் கடன் கிடைப்பதில்லை, வரி கூடிவிட்டது என்று சிறு வியாபாரிகள் இந்தப் பக்கத்துக்கு அடிக்கடி எழுதுகிறார்கள், எல்லாம் உண்மைதான். ஆனால் ஒரு சேவை ஒப்பந்தத்தை இடையில் நிறுத்தப் போனால் தலையில் வந்து விழுகிற பில்லைப் பற்றி யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. எனக்கு அந்தப் பில் 2023 மார்ச்சில் வந்தது. மொத்தம் 1,140,800 ரூபா.

அந்தத் தொகை எப்படி வந்தது என்று விரிவாகவே சொல்கிறேன். அந்தப் பில்லில் இருந்தது போன்ற நிபந்தனைகளில் கொழும்பில் இன்றைக்கும் யாரோ ஒரு கடைக்காரர் கையெழுத்து வைத்துக்கொண்டுதான் இருப்பார்.

2020 ஜனவரியில் பெரிய மெஷின் ஒன்றை ஒரு கம்பனியிடமிருந்து 60 மாத ஒப்பந்தத்தில் வாடகைக்கு எடுத்தேன். கம்பனியின் பெயரை எழுதவில்லை. அவர்கள் மட்டும் இப்படிச் செய்வதில்லை, எனக்குத் தேவை வழக்கம் மாறுவதுதான். மாத வாடகை 28,500 ரூபா. பழுதானால் ஆள் அனுப்பித் திருத்துவது, டிரம் மாற்றுவது எல்லாம் அந்த வாடகைக்குள் அடக்கம். அதற்கு மேலே ஒரு பிரதிக்கு 1 ரூபா 50 சதம். டோனர் அவர்களுடையது, தாள் என்னுடையது. மாதம் ஆகக்குறைந்தது 10,000 பிரதி என்று ஒரு கணக்கும் இருந்தது, அதைவிடக் குறைவாக அடித்தாலும் 10,000க்குக் காசு கட்ட வேண்டும். முற்பணம் இரண்டு மாத வாடகை, 57,000 ரூபா. அப்போது நான் மாதம் 20,000 பிரதிக்குக் குறையாமல் அடித்துக்கொண்டிருந்தேன், அதனால் அந்த 10,000 எனக்கு ஒரு பொருட்டாகவே தெரியவில்லை.

ஒப்பந்தத்தைக் கொண்டுவந்த பொடியன் நல்ல பிள்ளை, அவரில் எனக்கு இன்றும் கோபம் இல்லை. ஒன்பது பக்கம், முழுக்க ஆங்கிலம், பத்திரிகையில் வரும் மரண அறிவித்தலைவிடச் சின்ன எழுத்து. “அங்கிள், இது எல்லாருக்கும் ஒரே அக்ரிமென்ட்தான், நீங்கள் கடைசிப் பக்கத்தில் சைன் வைத்துத் தந்தால் நாளைக்கே மெஷினை இறக்கலாம்” என்றார். வாடகை எழுதிய பக்கத்தையும் பிரதி விலை எழுதிய பக்கத்தையும் இரண்டு தடவை பார்த்தேன். ஏழாம் பக்கத்தில் இருந்த நிறுத்தம் பற்றிய பிரிவைப் பார்க்கவில்லை. அது என் பிழை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பிறகு வாசித்துப் பார்த்தபோது அதில் தொகை என்று எதுவுமே இல்லை. “எஞ்சிய காலத்துக்குரிய கட்டணங்கள் அனைத்தும், அகற்றும் செலவுகளும், ஏற்புடைய வரிகளும்” என்று ஒரே ஒரு வசனம். எந்தக் கட்டணங்கள், அகற்றும் செலவு எவ்வளவு, முற்பணம் அதில் கழியுமா கழியாதா, ஒன்றும் கிடையாது. வாடகையைச் சதக் கணக்கில் எழுதத் தெரிந்தவர்களுக்கு இதை மட்டும் ஒரு எண்ணாக எழுத முடியாமல் போனது ஏன் என்பதுதான் என் முதல் கேள்வி.

மெஷின் வந்து மூன்று மாதம் முடிவதற்குள், 2020 மார்ச் 20ஆம் திகதி ஊரடங்கு வந்தது. ஏப்ரல் முழுக்கக் கடை பூட்டு. அந்த மாதம் கௌண்டரில் ஒரு பிரதிகூட ஏறவில்லை, ஆனால் வாடகையும் 10,000 பிரதிக்கான காசும் பில்லில் வந்தன. போன் எடுத்துக் கதைத்தேன், ஒப்பந்தப்படிதான் என்றார்கள். சரி, எல்லாருக்கும் வந்த கஷ்டம் என்று கட்டினேன்.

அப்புறம் 2022. அந்த வருடத்தைப் பற்றி இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, ஆனால் போட்டோகொப்பிக் கடைக்காரனின் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன். மார்ச் மாதத்தில் தாள் இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சையையே தள்ளிப்போட்டார்கள். ஏ4 ரீம் ஒன்றின் விலை என் கடைக் கணக்கில் மூன்று மடங்கைத் தாண்டியது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. கரண்ட் வரும் நேரத்துக்கு மெஷினைப் போட்டால் அது சூடேறித் தயாராகவே நேரம் போய்விடும், வரிசையில் நின்ற பிள்ளைகள் பார்த்துப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் கூடியது. 2023 பெப்ரவரி நடுவில் மறுபடியும் 66 வீதம். மாதம் 20,000 அடித்த மெஷின் 6,000, 7,000 என்று வந்து நின்றது, நான் 10,000க்குக் கட்டிக்கொண்டிருந்தேன். இரண்டாவது தடவை கரண்ட் பில் கூடிய அந்த வாரமே உட்கார்ந்து கடிதம் எழுதினேன்: பெப்ரவரி மாதத்தோடு நிறுத்துகிறேன், மெஷினை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவரைக்கும் ஒரு சதம் நிலுவை இல்லை.

38 மாதம் கட்டி முடித்திருந்தேன், 22 மாதம் மிச்சம். வந்த பில் இதுதான். 22 மாத வாடகை 627,000. 22 மாதத்துக்கு 10,000 வீதம் பிரதிக் கட்டணம் 330,000. மெஷினைக் கழற்றி ஏற்றிப் போவதற்கு 35,000. எல்லாம் சேர்த்து 992,000, அதன்மேல் அப்போதைய 15 வீத வற் (பெறுமதி சேர் வரி) 148,800. முற்பணம் 57,000 ரூபாவைக் கழிக்கவில்லை, மெஷினை மறுபடி சரிப்படுத்தும் செலவுக்கு என்று வைத்துக்கொண்டார்கள்.

இதில் இரண்டாவது தொகையை வாசகர்கள் தயவுசெய்து நின்று பாருங்கள். 220,000 பிரதி. அடிக்கவே அடிக்காத பிரதி. தாளாக வாங்கினால் 440 ரீம், என் கடையில் அடுக்க இடம் காணாது. அந்த 1 ரூபா 50 சதத்துக்குள் அவர்கள் தரவேண்டிய டோனரின் விலை இருக்கிறது. ஒரு துளி டோனர்கூடச் செலவாகாத பிரதிக்கு டோனர் விலை கேட்கிறார்கள். வாடகையும் அப்படித்தான், அதற்குள் திருத்த வேலையும் டிரம்மும் அடக்கம் என்று சொல்லித்தான் 28,500 வாங்கினார்கள். மெஷினே என் கடையில் இல்லாத 22 மாதத்துக்கு எந்தத் திருத்தவேலை? ஆள் வரப் போவதில்லை, பெற்றோல் செலவு இல்லை, டிரம் மாற்றப் போவதில்லை. தராத சேவையின் செலவைக் கழிக்காமல் முழு வாடகையைக் கேட்பது எந்தக் கணக்கில் நியாயம்?

இன்னொன்று, இது கணக்குத் தெரிந்தவர்களுக்கு உடனே விளங்கும். 2024 டிசம்பர் வரைக்கும் மாதம் மாதமாக வரவேண்டிய காசை 2023 மார்ச்சிலேயே மொத்தமாகக் கேட்டார்கள். அந்த வருட ஆரம்பத்தில் அரசாங்கத்துக்கு மூன்று மாதம் கடன் கொடுக்கும் 91 நாள் திறைசேரி உண்டியலுக்கே 30 வீதத்தை ஒட்டிய வட்டி கிடைத்தது. அப்படிப்பட்ட காலத்தில் ஒன்றரை வருடம் கழித்துக் கிடைக்கவேண்டிய காசை இன்றே கையில் வாங்குகிறவர் வட்டியைக் கழித்துக்கொண்டுதானே வாங்க வேண்டும்? வங்கிக் கடனை முன்கூட்டி அடைத்தால் மிச்சக் காலத்து வட்டி முழுவதையும் யாராவது கேட்பார்களா? இங்கே ஒரு ரூபா கழிக்கவில்லை.

வற் வேறு. வற் பதிவு உள்ள பெரிய வியாபாரம் என்றால் கட்டிய வற்றைத் தான் அறவிட்ட வற்றில் கழித்துக்கொள்ளலாம். பதிவுக்கான வரம்புக்கு மிகக் கீழே இருக்கும் என் கடைக்கு அந்த 148,800 ரூபாவும் திரும்பி வராத செலவு. இன்றைக்கு அதே பில் வந்தால் வற் 18 வீதம், அதாவது 178,560 ரூபா. ஒப்பந்தம் பேசும்போது எந்தக் கம்பனியும் விலையை வற் இல்லாமல்தான் சொல்லும், அதனால் சின்னக் கடைக்காரர்கள் மனதுக்குள் போடும் கணக்கு தொடக்கத்திலேயே பிழைத்துவிடுகிறது.

கம்பனிக்கு நட்டமே இல்லை என்று நான் சொல்லவில்லை. கடன் எடுத்து மெஷின் இறக்கியிருப்பார்கள், 60 மாதத்தை நம்பி வாடகையைக் குறைத்துச் சொல்லியிருப்பார்கள். அதை நான் ஈடுசெய்யத்தான் வேண்டும், இரண்டு மூன்று மாத வாடகை கேட்டிருந்தால் மறுபேச்சில்லாமல் கட்டியிருப்பேன். ஆனால் இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். அந்த மெஷின் வந்த 2020 ஜனவரியில் டொலர் 181 ரூபா அளவில் இருந்தது. நான் திருப்பிக் கொடுத்தபோது 300க்கு மேலே. புதிய மெஷின் இறக்க யாராலும் முடியாமல், பழைய மெஷினுக்கு ஆளாளுக்குத் தேடி அலைந்த காலம். ரூபாக் கணக்கில் பார்த்தால் மூன்று வருடம் ஓடிய அந்த மெஷினின் மதிப்பு பெரிதாக இறங்கியிருக்க வழியில்லை.

ஊகத்தில் சொல்லவில்லை. அதே 2023 ஜூலை மாதம் தெஹிவளையில் தெரிந்த ஒருவரின் கடைக்கு ஒரு வேலையாகப் போனேன். மூலையில் ஒரு மெஷின். எங்கள் கடையில் ஒவ்வொரு வருடமும் சரஸ்வதி பூசைக்கு மனைவி மெஷின்களுக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பார், தாள் தட்டுக்கு மேலே, முன் கதவின் உள் விளிம்பில், வெளியில் வைத்தால் வாடிக்கையாளரின் தாளில் பட்டுவிடும் என்று. மூன்று வருடக் குங்குமம் அந்தப் பிளாஸ்ரிக்கில் ஊறி, துடைத்தாலும் போகாத ஒரு சிவப்பு வட்டமாக இருந்தது. தெஹிவளைக் கடையில் தாள் மாற்ற அந்தக் கதவைத் திறந்தார்கள், அதே இடத்தில் அதே வட்டம். எப்போது எடுத்தீர்கள் என்று கேட்டேன். மே மாதம் என்றார். வாடகை? 36,000.

அப்போது நான் அதே மெஷினுக்காக மாதம் 61,000 ரூபா கட்டிக்கொண்டிருந்தேன். எப்படியென்றால், கெஞ்சிக் கூத்தாடி அந்தப் பில்லை 610,000க்குக் குறைத்து, பத்துத் தவணையாகக் கட்டச் சம்மதித்திருந்தேன். என் எஞ்சிய 22 மாதத்தில் 20 மாதத்துக்கு அந்த மெஷின் வேறொரு கடையில் எனக்குக் கொடுத்ததைவிடக் கூடிய வாடகைக்கு உழைக்கிறது, அதே மாதங்களுக்கு நானும் காசு கட்டுகிறேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு, “அந்தப் பிள்ளையின் கடையாவது நல்லா ஓடட்டும்” என்றார்.

ஏன் கட்டினாய், வழக்குக்குப் போயிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு. புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் அந்த ஒன்பது பக்கத்தையும் கொண்டுபோனேன். பொறுமையாக வாசித்து அவர் விளக்கியதை எனக்கு விளங்கிய அளவில் எழுதுகிறேன். ஒப்பந்தத்தை மீறியதற்கு நட்டஈடு கேட்பவர் தன்னுடைய நட்டத்தைக் குறைத்துக்கொள்ள நியாயமான முயற்சி எடுத்திருக்க வேண்டும் என்பது பொதுவான சட்டம். அந்த வழியில் போனால் மெஷினை மறுபடி வாடகைக்கு விட்ட காசை என் கணக்கில் கழிக்கச் சொல்லி வாதாடலாம். ஆனால் என் ஒப்பந்தத்தில் அதை நட்டஈடு என்று எழுதவில்லை, தண்டம் என்றும் எழுதவில்லை, “முன்கூட்டி வெளியேறும் கட்டணம்” என்று எழுதியிருக்கிறார்கள். நீங்கள் எதையும் மீறவில்லை, வெளியேறும் உரிமையைப் பாவித்தீர்கள், அதற்கு விலை இது என்பார்கள். அந்தப் பெயரை வைத்ததே இதற்காகத்தான் என்றார். வெல்லலாம், ஆனால் சுலபமில்லை.

அதற்கும் முதல் இன்னொரு தடை. பிணக்கு வந்தால் நடுத்தீர்ப்புக்குத்தான், அதாவது நீதிமன்றத்துக்கு வெளியே காசு கொடுத்து அமர்த்தும் நடுவர்களிடம்தான், போக வேண்டும் என்று எட்டாம் பக்கத்தில் ஒரு பிரிவு. 1995ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நடுத்தீர்ப்புச் சட்டத்தின்படி அப்படி ஒரு பிரிவு இருந்து, மற்றப் பக்கமும் அதைச் சொல்லி ஆட்சேபித்தால் நீதிமன்றம் வழக்கை எடுக்காது. நடுத்தீர்ப்பாளர்களுக்கான கட்டணத்தில் என் பங்கு, சட்டத்தரணிக் கட்டணம், எல்லாம் கூட்டிப் பார்த்தால் கேட்கிற தொகையில் பாதிக்கு வந்து நின்றது. பேசாமல் விட்டுவிட்டால்? ஒப்பந்தம் எழுத்தில் இருப்பதால் ஆறு வருடத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் அவர்கள் என்மேல் நடவடிக்கை எடுக்கலாம். ஆறு வருடம் அந்தப் பயத்தோடு கடை திறக்க எனக்கு மனம் இல்லை. கட்டினேன்.

அந்தக் காசுக்காகத் தாள் வெட்டும் மெஷினை விற்றேன். பைண்டிங் வேலைக்கு இப்போது வெட்டுக் கூலி கொடுத்து வெளியில் கொண்டுபோகிறேன். பெரிய மெஷினை இயக்கிக்கொண்டிருந்த தங்கச்சி நாலு வருடம் என்னிடம் வேலை செய்தவர், அவரை நிறுத்த வேண்டி வந்தது. ஊழியரை வேலையிலிருந்து நிறுத்துவது பற்றிய 1971ஆம் ஆண்டுச் சட்டம் 15 பேருக்குக் குறைவான இடங்களுக்குப் பொருந்தாது, பணிக்கொடைச் சட்டமும் 15 பேர், ஐந்து வருடம் என்று கேட்கிறது. என் கடையில் மூன்று பேர். சட்டப்படி நான் கொடுக்க வேண்டியது அதிகம் இல்லை, இரண்டு மாதச் சம்பளம் கொடுத்து அனுப்பினேன், போதாது என்று எனக்கே தெரியும். ஒப்பந்தத்தை நிறுத்திய செலவு என்று யாராவது கணக்குப் போட்டால் அந்தப் பிள்ளையின் வேலையையும் அதில் சேர்க்க வேண்டும். எந்தப் பில்லிலும் அது இல்லை.

என் அனுபவத்தைக் கேட்டபிறகுதான் அக்கம்பக்கத்தில் ஒவ்வொருவராகத் தங்கள் கதையைச் சொன்னார்கள். எங்கள் ஒழுங்கைத் தொடர்மாடியில் லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம், முடிவதற்கு 90 நாளுக்கு முன் எழுத்தில் அறிவிக்காவிட்டால் தானாக இன்னொரு வருடம் புதுப்பிக்கப்படும் என்று இருந்திருக்கிறது. கமிட்டிக்காரர் முடிய 80 நாள் இருக்கும்போது கடிதம் கொடுத்தார், பத்து நாள் பிந்தியதற்கு ஒரு வருடக் காசு. கொட்டாஞ்சேனையில் சைவக்கடை வைத்திருக்கும் நண்பர் பில் போடும் மென்பொருளை மாற்றப் போனார். நாலு வருட விற்பனைக் கணக்கும் கடன் வாடிக்கையாளர் பட்டியலும் அந்தக் கம்பனியின் சேர்வரில், எடுத்துத் தரத் தனிக் கட்டணம் கேட்டிருக்கிறார்கள். தன் கடைக் கணக்கைத் தானே காசு கொடுத்து வாங்கினார் மனிதர். செட்டியார் தெருவில் நகைக்கடை வைத்திருப்பவர் காவல் கம்பனியை மாற்ற நினைத்தார், ஆனால் ஏழு வருடமாக வாசலில் நின்ற அந்தக் காவலாளி ஐயாவை விட மனமில்லாமல் நேரடியாக வேலைக்கு எடுக்கக் கேட்டார். அப்படி எடுத்தால் ஆறு மாதக் கட்டணம் கட்ட வேண்டும் என்று ஒரு பிரிவு. கடைசியில் ஐயாவைக் கம்பனி பியகமவில் ஒரு தொழிற்சாலைக்கு மாற்றிவிட்டது, கொட்டாஞ்சேனையில் இருக்கிறவர் தினமும் இரண்டு பஸ் மாறிப் போகிறார்.

இதற்குச் சட்டம் இல்லையா என்றால், 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நேர்மையற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. பெயரைக் கேட்டதும் எனக்கு நம்பிக்கை வந்தது. ஆனால் சட்டத்தரணி சொன்னபடி அதன் கவனம் முக்கியமாக விற்பவர் தன் பொறுப்பிலிருந்து நழுவிக்கொள்ளும் நிபந்தனைகளில், “நட்டம் வந்தால் நாங்கள் பொறுப்பில்லை” என்பது போன்றவற்றில். வாங்குகிறவர் வெளியே போகாதபடி கட்டிவைக்கும் நிபந்தனைக்கு அது நேரடியாக உதவாது.

மெல்போர்னில் சலவைக்கடை வைத்திருக்கும் மைத்துனரிடம் இதைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்பட்டார். அவுஸ்திரேலியாவில் நுகர்வோரைக் காக்கும் நேர்மையற்ற நிபந்தனைச் சட்டத்தை 2016 நவம்பரிலிருந்து சிறு வியாபாரங்களுக்கும் நீட்டிவிட்டார்கள். 2023 நவம்பரிலிருந்து அப்படிப்பட்ட நிபந்தனையை ஒப்பந்தத்தில் போடுவதற்கே தண்டம், 100 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களும் ஆண்டு வருமானம் ஒரு கோடி டொலருக்குக் கீழே உள்ள இடங்களும் அதன் பாதுகாப்புக்குள் வருகின்றன. அச்சடித்த ஒரே மாதிரி ஒப்பந்தத்தில் ஒரு பக்கத்துக்கு மட்டும் பாரம் கூடுகிறதா, கம்பனியின் நியாயமான நலனைக் காக்க அந்த நிபந்தனை உண்மையிலேயே தேவையா, மற்றவருக்கு அதனால் பாதிப்பு வருமா என்று பார்க்கிறார்கள். என்னுடைய ஏழாம் பக்கத்தை அங்கே ஒரு நீதிபதி வாசித்தால் என்ன சொல்வார் என்று நினைத்துப் பார்க்கிறேன். இலங்கைக்கும் இதைக் கொண்டுவர எது தடை? 1997ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தினால் போதும், புதிதாக ஒரு திணைக்களமும் தேவையில்லை.

ஆனால் பாராளுமன்றம் திருத்தும்வரை காத்திருக்கச் சொல்லவில்லை. சேவை ஒப்பந்தம் எழுதுகிற கம்பனிகளிடம் நேரடியாகக் கேட்கிறேன், வாடகை எழுதும் அதே முதல் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், 12ஆம் மாதம் நிறுத்தினால் இவ்வளவு, 24ஆம் மாதம் நிறுத்தினால் இவ்வளவு, 36ஆம் மாதம் இவ்வளவு என்று வற்றும் சேர்த்து ரூபாவில் எழுதுங்கள். மாதம் போகப் போக அந்தத் தொகை இறங்க வேண்டும். பொருளைத் திருப்பி எடுத்து வேறு ஆளுக்குக் கொடுத்தால் அந்த நாளோடு என் கணக்கை மூடுங்கள். முற்பணத்தைக் கழியுங்கள். புதுப்பிக்கும் திகதி வருகிறதென்றால் ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள், வாடகை பிந்தினால் மறுநாளே அனுப்புகிறீர்கள்தானே. அப்புறம், தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி, தமிழில் வியாபாரம் செய்கிற ஆளிடம் தமிழில் ஒரு பக்கச் சுருக்கமாவது கொடுங்கள். பொருளை விற்க வரும் பொடியன் தமிழில்தானே கதைக்கிறார்.

கடைக்காரர்களிடமும் ஒன்று கேட்கிறேன். கையெழுத்துக்கு முன்னால் “நான் ஒரு வருடத்தில் நிறுத்தினால் மொத்தமாக எவ்வளவு?” என்று கேளுங்கள், பதிலை வாயால் வாங்காதீர்கள், எழுத்தில் வாங்குங்கள். வட்ஸ்அப்பில் வந்தாலும் பரவாயில்லை, அழிக்காமல் வையுங்கள். “இது எல்லாருக்கும் ஒரே அக்ரிமென்ட்” என்றால் அதை மாற்ற முடியாது என்று அர்த்தம் இல்லை, இதுவரை யாரும் மாற்றக் கேட்கவில்லை என்றுதான் அர்த்தம். இதை எனக்குத் தெரிந்ததாகச் சொல்கிறேன். 2024இல் வேறொரு சிறிய கம்பனியிடம் மெஷின் எடுத்தேன், 36 மாதம். அவர்களும் அச்சடித்த ஒப்பந்தத்தோடுதான் வந்தார்கள். நிறுத்தும் பிரிவை வாசித்துவிட்டு இதில் கையெழுத்து வைக்க மாட்டேன் என்றேன். வந்தவர் வெளியே போய் முதலாளியோடு போனில் கதைத்தார். திரும்பி வந்து, அந்தப் பிரிவைக் குறுக்கே வெட்டி, ஓரத்தில் பேனாவால் எழுதினார்: எப்போது நிறுத்தினாலும் இரண்டு மாத வாடகை, வற் உட்பட, முற்பணத்தில் கழியும். அவரும் கையெழுத்து வைத்தார், நானும் வைத்தேன்.

என் பழைய ஒப்பந்தமும், 1,140,800 ரூபா பில்லும், இந்தப் புதிய பக்கமும் ஒரே பைலில் கடையில் இருக்கின்றன. கம்பனிப் பெயரை மறைத்து யாருக்கும் பிரதி எடுத்துத் தருவேன், காசு வேண்டாம். வர்த்தகச் சங்கங்களில் இருப்பவர்கள், சட்டத்தரணிகள், இதே போன்ற பில் வந்து யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இருப்பவர்கள், யாராக இருந்தாலும் வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரைக்கும் கடை திறந்திருக்கும்.

இப்படிக்கு,
போட்டோகொப்பிக் கடைக்காரர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.